காலிப் பீப்பாய் போகும் வாசல்

கிளெம் கிட்டின்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறந்தார். தன் மதுக்கடையில் குடித்துக்கொண்டிருந்த கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு, கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மனைவி ஏவ்ரில் சமையலறையிலிருந்து அவருடைய சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். வறுத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். தட்டை மேஜைமேல் வைத்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தாள்.

மகள் ஹெஸ்டர் பர்மிங்ஹாமில் கட்டமைப்புப் பொறியாளர். அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். அவள் வந்தபோது அம்மா பார் மேடைக்குப் பின்னால் நின்று பீர்த் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஏற்கெனவே துடைத்த தம்ளர்கள். ஹெஸ்டரும் ஒரு துணியை எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ப்ரீஸ் வந்தார். மார்ல்ஹோப்பிலும் சுற்றுவட்டாரத்திலும் இறுதிக் காரியங்களை ஏற்று நடத்துபவர் அவர். கிளெம்மைப் பெட்டியில் வைத்துச் சின்ன அறையில் கிடத்தியாயிற்று. வெள்ளிக்கிழமை எதிரே உள்ள தேவாலயத்துக்கு எந்த வழியாக எடுத்துப்போவது என்பதுதான் பாக்கி. ப்ரீஸ் நாடாவை நீட்டி அளந்தார். கொல்லைக் கதவு அவருக்குப் பிடித்திருந்தது.

"கொல்லை வழியாப் போயிடலாம், மிஸஸ் கிட்டின்ஸ். படி இல்ல, திருப்பம் இல்ல. சௌகரியமாப் போவாரு."

"காலிப் பீப்பாய் போற வாசல்ல அவர் போகமாட்டார்," என்றாள் ஏவ்ரில்.

ப்ரீஸ் முன்கதவைப் பார்த்தார். அதன்மேல் டார்ட்ஸ் பலகை மாட்டியிருந்தது. அதைச் சுற்றி ஓக் பலகை முழுவதும் அம்மைத் தழும்பு மாதிரி ஊசிக் குத்துகள். அந்தக் கதவு கடைசியாக எப்போது திறந்தது என்று அவர் கேட்கவில்லை. அவரும் அந்த ஊரில் குடிக்கிறவர்தான்.

கடையின் பெயர்ப் பலகையில் மூன்று குதிரைலாடங்கள் வரைந்திருக்கும். குதிரைலாடத்துக்கு ஆங்கிலத்தில் ஹார்ஸ்ஷூ, அதனால் ஊரில் எல்லாருக்கும் அது சுருக்கமாக ஷூஸ். ஷூஸில் ஒரு வழக்கம் உண்டு. லைசென்ஸ் வாங்கியவர் முதல் நாள் முன்வாசல் வழியாக உள்ளே வருவார். சாகும்வரை நடத்தினால் முன்வாசல் வழியாகத்தான் வெளியே போவார். நடுவில் விட்டுப் போகிறவர்கள் எப்படியும் போகலாம், அவர்களை யாரும் பார்ப்பதில்லை. கிளெம்முக்கு முன் கடையை நடத்திய டட்ஜ் முன்வாசல் வழியாகத்தான் போனார். அன்று பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் கிளெம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அது திறக்குமா?" என்று ஏவ்ரில் மகளைக் கேட்டாள்.

"பார்க்கணும்மா."

"பாரு. உனக்கு அதுதானே வேலை."

ஹெஸ்டர் எழுந்து வெளியே போய்த் தன் காரின் பின்கதவைத் திறந்தாள். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையும், சாய்வு பார்க்க நூலில் தொங்கவிடும் தூக்குக்குண்டையும் எடுத்தாள். ஒரே ஒரு தடவைக்குப் பிறகு, அப்பா உயிரோடு இருந்தவரை அவை இரண்டும் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை.

கிளெம் முதலில் அந்த ஊருக்கு வந்தது பீப்பாயோடு. பீருக்குக் கசப்புச் சேர்க்கும் ஹாப் கொடித் தோட்டத்தில் கூலி வேலை செய்த ஒருவரின் மகன் அவர். போர் முடிந்து ராணுவத்திலிருந்து வந்ததும், பீர் காய்ச்சும் ஆலையில் லாரிக்குப் போனார். முதல் நாள் ஷூஸில் பீப்பாய்களை நிலவறையில் இறக்கிவிட்டு, டட்ஜிடம் கையெழுத்து வாங்க முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். வாசலுக்கு மேலே, வீட்டின் முன்பக்கம் நெடுக ஓடும் உத்தரத்தில் நெற்றி மோதியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். டட்ஜின் தங்கை மகள் ஏவ்ரில் அப்போது பாரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியைக் கொண்டுவந்து அவர் நெற்றியில் அழுத்தினாள்.

"இவ்வளவு உயரத்தை வச்சுக்கிட்டு வீட்டைவிட்டு எதுக்கு வெளிய வர்றே?" என்று கேட்டாளாம். அதற்கு என்ன பதில் சொன்னார் என்பதைக் கிளெம் ஒவ்வொரு தடவையும் மாற்றிச் சொல்வார். ஏவ்ரிலைக் கேட்டால், பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை என்பாள்.

அதன்பிறகு கிளெம்மின் தலை அந்த உத்தரத்தில் பட்டதில்லை. வேறு யார் தலையும் படக் கூடாது என்பதும் அவர் வேலையாயிற்று. டட்ஜ் இறந்து, கிளெம் லைசென்ஸ் வாங்கி, ஏவ்ரிலோடு முன்வாசல் வழியாக உள்ளே வந்த நாளிலிருந்து, அறிமுகமில்லாத ஆள் கதவில் கை வைத்தால் போதும். பார் மேடையிலிருந்து ஒரு குரல் வரும்: "குனி!" பாதிரியாருக்கும் அதுதான், வரி வசூலிக்க வந்தவருக்கும் அதுதான். பிற்பாடு ஆட்கள் கொல்லை வழியாக வர ஆரம்பித்தபோது அங்கேயும் ஓர் உத்தரம் தாழ்வாக இருந்தது. குரல் அதற்கும் மாறிக்கொண்டது.

ஷூஸில் எந்த மூலையும் நேர் மூலை இல்லை. கட்டியவர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்துச் சட்டம் கட்டி, நடுவில் குச்சிகளைப் பின்னிக் களிமண் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். மரம் காய்ந்தபோது ஒவ்வொரு சட்டமும் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டது. மாடி, கீழ்ச்சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தப் பாரம் முழுவதும் முன் உத்தரத்தில் இறங்கி, அதைத் தாங்கும் தூண்கள் வழியாக, கல் வரிசைமேல் படுத்திருக்கும் அடிச்சட்டத்துக்குப் போகும். தரையும் சமம் இல்லை. கணப்பிலிருந்து சன்னலை நோக்கிச் சரியும், நடுவில் ஒரு இடத்தில் மனம் மாறிக் கொஞ்சம் ஏறும்.

கிளெம் தரையைச் சரிசெய்யவில்லை. மேஜைகளைச் சரிசெய்தார். ஒவ்வொரு மேஜையையும் அதன் இடத்தில் வைத்து, அந்த இடத்துக்கு ஏற்ப அதன் கால்களை அறுத்தார். ரசமட்டம் அவரிடம் கிடையாது. ஒரு பைன்ட் தம்ளரை விளிம்புவரை நிரப்பி மேஜைமேல் வைப்பார். எந்தப் பக்கம் வழிகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் கால் அறுபடும். வழியாமல் நின்றால் அந்தத் தம்ளரை அவரே குடிப்பார். சில மேஜைகளுக்கு நிறைய நேரம் பிடித்தது என்று ஏவ்ரில் சொல்வாள்.

அதனால் ஷூஸில் மேஜைகளை இடம் மாற்ற முடியாது. ஹெஸ்டர் சின்ன வயதில் சன்னலோர மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வெளிச்சத்துக்காக அதை ஒரு சாண் நகர்த்தினால் பென்சில் உருண்டு ஓடும். சரிவு என்றால் என்ன என்பதைப் பள்ளிக்கூடம் சொல்லித்தரும் முன்பே அவள் மடியில் பிடித்திருந்தாள்.

அவள் படித்து முடித்து, தேர்வெல்லாம் எழுதிப் பொறியாளராகி ஊருக்கு வந்த முதல் தடவை, மாடிச் சன்னலிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள். சும்மா பார்ப்பதற்காகத்தான். கிளெம் மாடிக்குப் போனார். நூலைப் பொறுமையாகச் சுற்றி, குண்டை அவள் கையில் கொடுத்தார்.

"இந்த வீடு எவ்வளவு சாஞ்சிருக்குன்னு இங்க குடிக்கிற எல்லாருக்கும் தெரியும். இப்ப இது வெறும் வீடு. நீ அளந்து சொல்லிட்டேன்னா அப்புறம் இது சாஞ்ச வீடு. இனிமே இங்க வந்தா இதெல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும்."

"சரிப்பா," என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் டார்ட்ஸ் பலகை சுவரிலிருந்து முன்கதவுக்கு இடம் மாறியது. கதவு இடுக்கில் குளிர்காற்று வருகிறது, எல்லாரும் கொல்லை வழியாக வரட்டும் என்று கிளெம் சொன்னார். ஆட்கள் சில நாள் முணுமுணுத்தார்கள். பிறகு டார்ட்ஸ் ஆடுவதற்கு அதுதான் நல்ல இடம் என்று கண்டுகொண்டார்கள்.

புதன்கிழமை காலையில் ஹெஸ்டர் வாசலுக்கு வெளியே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள். பிறகு உத்தரத்தின் அடியில் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. கதவின் வலப்பக்கத்துத் தூண் இருக்கும் இடத்தில் உத்தரம் ஒரு கையகலம் இறங்கியிருந்தது. வலப்பக்கத் தூணின் அடியில், கறுப்புச் சாயத்தின் மேல் திருப்புளியை வைத்து அழுத்தினாள். மேல்தோல் மட்டும் ஒரு நொடி தடுத்தது. பிறகு திருப்புளி கைப்பிடிவரை உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது மூக்குப்பொடி மாதிரி ஈரமான பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது.

லென் யாப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளெம்முக்கு நெருங்கின சிநேகிதர். ஓய்வு பெற்ற கட்டடக்காரர். இன்னும் அவர் கொட்டகையில் இரும்பு முட்டுகள் அடுக்கியிருக்கும். ஹெஸ்டர் கேட்டதும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அந்த முகப்பை நானும் கிளெம்மும்தான் பூசினோம்," என்றார். "ராணியோட முடிசூட்டு விழா வருஷம். ஊரே வெள்ளையடிச்சுது. அளவா மணல் சேர்த்து, நல்லாக் குழைச்சுப் பூசினோம். நல்ல சிமென்ட், பொண்ணு. இன்னைக்கு வரைக்கும் ஒரு விரிசல் இல்ல."

"அதான், லென் மாமா, கோளாறு. ரொம்ப நல்ல சிமென்ட்."

லென்னுக்குப் புரிந்துவிட்டது. களிமண்ணும் சுண்ணாம்பும் மழையைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் அப்படி இல்லை. பின்பக்கமாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. அது சட்டத்தின் அடியில் போய்த் தேங்கும். போதாததற்கு, கறுப்பும் வெள்ளையுமாக இருந்தால்தான் படம் பிடிக்க வருகிறவர்களுக்குப் பழைய வீடு என்று தோன்றும் என்பதால், கிளெம் ஒவ்வொரு வசந்தத்திலும் ஓக் சட்டங்களுக்குத் தார்ச் சாயம் பூசினார். அதற்கு முன் அவை சுண்ணாம்பு படிந்து வெறும் சாம்பல் நிறமாக இருந்தன. அந்த வட்டாரத்தில் இந்தத் தப்பைச் செய்யாத வீடு அநேகமாக இல்லை. வீட்டைப் பிடிக்காதவர்கள் செய்த தப்பு அல்ல. கையில் காசும் ஆசையும் இருந்தவர்கள்தான் செய்தார்கள். ஊர் நடுவில் பணமில்லாத ஒரு விதவையின் குடிசை மட்டும் பூசப்படாமல் கிடந்து, இன்றும் கல்லாக நிற்கிறது.

"கதவு இழுக்குதுன்னு வருஷா வருஷம் குளிர்காலத்துல மேல்பக்கம் இழைச்சு விடுவான்," என்றார் லென். "இழைப்புளி என்னோடது."

தூண் இறங்கியது. உத்தரம் கதவின் தலையில் வந்து உட்கார்ந்தது. கதவு இறுகியது. கிளெம் இழைத்தார். உத்தரத்துக்கு இன்னும் இறங்க இடம் கிடைத்தது. ஹெஸ்டர் இதைச் சொல்லவில்லை. லென்னின் முகத்தைப் பார்த்தால் சொல்லத் தேவையில்லை.

உள்ளே போய் டார்ட்ஸ் பலகையைக் கழற்றினார்கள். ஹெஸ்டர் நாற்காலியில் ஏறி, பலகைக்குப் பின்னால் இருந்த சாக்குத் துணியையும் எடுத்தாள். கதவின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் மூன்று மர ஆப்புகள் இறுக்கமாக அடித்திருந்தன. உருண்டையான மரத்தைச் சரிவாகச் சீவிச் செய்தவை. ஒன்றில் பழைய மெருகு இன்னும் இருந்தது. மேஜைக் கால்களிலிருந்து அறுத்த துண்டுகள்.

ஹெஸ்டர் நாற்காலியிலிருந்து இறங்காமல் நின்றாள்.

இழைப்பதை அவர் ஒரு நாள் நிறுத்தியிருக்கிறார். கதவுதான் வீட்டைத் தாங்குகிறது என்பது தெரிந்து, அதை மூடி, ஆப்பு அடித்து, யாரும் திறக்காதபடி டார்ட்ஸ் பலகையை மாட்டியிருக்கிறார். மகளைக் கேட்டிருந்தால் அவள் ஒரே நாளில் முட்டுக் கொடுத்திருப்பாள். கூடவே கடையையும் பூட்டச் சொல்லியிருப்பாள். அதுவும் அவருக்குத் தெரியும்.

வேலை சரியாகவும் இல்லை. இரண்டு ஆப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மூன்றாவது கீல் பக்கத்தில் இருந்தது, கதவை நிலையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தது. கீழே வாசற்படிக் கல் குறுக்கே பிளந்திருந்தது. இத்தனை காலம் நின்றதற்குக் காரணம் பாதி ஓக், பாதி அதிர்ஷ்டம்.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

"காத்து வருதுன்னு சொன்னார்," என்றாள் ஏவ்ரில். "முப்பது வருஷம் வராத காத்து. நான் ஒண்ணும் கேக்கல."

முட்டுக் கொடுப்பது பெரிய வேலை அல்ல. கதவின் இரு பக்கமும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரும்பு முட்டுகளை நிறுத்தி, உத்தரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் கதவு விடுபடும். வெளியே தெருவின் கல் தளம் கெட்டியாக இருந்தது. உள்ளேதான் சிக்கல். பாரின் பலகைத் தரைக்குக் கீழே நிலவறை. மேலே நிற்கும் முட்டின் பாரத்தைத் தரைப் பலகை தாங்காது. அதற்கு நேர் கீழே, நிலவறையிலும் ஒரு முட்டு வேண்டும். அந்த இடத்தில் ஒரு பீப்பாய் படுத்திருந்தது. சனிக்கிழமை கிளெம் தன் கையால் கட்டையில் ஏற்றி, ஆப்பு வைத்து, வண்டல் அடியில் படிவதற்காக அசையாமல் விட்ட பீப்பாய். வெள்ளிக்கிழமை ஊற்றுவதற்கு அது ஒன்றுதான் இருந்தது. ஆலையின் லாரி திங்கட்கிழமைதான் வரும்.

லென் விளக்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இதை நகர்த்தினா பீர் கலங்கிடும்."

"கலங்கும்," என்றாள் ஹெஸ்டர்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தெளியாது."

"தெளியாது."

"கிளெம்மோட சாவுக்குக் கலங்கின பீரா? பொண்ணு, ஒருதடவை ஒரு ஆள் தம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தான்னு அவனை ஒரு மாசம் உள்ளயே விடல உங்கப்பன். தூக்கிப் பார்த்ததுக்கே. கலங்கலா இருந்துதுன்னுகூட அவன் சொல்லல."

பீப்பாயை நகர்த்தாமல் முட்டை வேறு இடத்தில் வைக்க முடியுமா என்று ஹெஸ்டர் நிலவறையின் கல் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தாள். பலகையின்மேல் குறுக்கே ஒரு கனத்த உத்தரத்தைப் போட்டுப் பாரத்தைப் பக்கவாட்டில் கொண்டுபோகலாம். ஆனால் அது உள்வாசலை அடைத்துக்கொள்ளும், பெட்டி போக முடியாது. திரும்பவும் கோடு போட்டாள். திரும்பவும் பீப்பாயில்தான் வந்து முடிந்தது. மேலே ஏறிப் போய் அம்மாவிடம் இரண்டையும் சொன்னாள். கதவு வேண்டுமானால் பீர் கலங்கும். பீர் தெளிவாக வேண்டுமானால் கொல்லை வழி.

ஏவ்ரில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்கான பன்றித்தொடை வெந்துகொண்டிருந்தது. தடவிய ரொட்டியைக் கீழே வைத்தாள்.

சின்ன அறையின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கிளெம் முகம் சுளித்திருப்பார் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. அவரைக் கேட்டால் பீரைத்தான் சொல்லியிருப்பார்.

"கலங்கட்டும்," என்றாள். "யார் வாயைத் திறக்கிறான்னு பார்க்கறேன்."

வியாழக்கிழமை முழுக்க வேலை நடந்தது. லென்னும் ஹெஸ்டரும் பீப்பாயை உருட்டி மூலையில் வைத்தார்கள். உருட்டும்போது லென் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நிலவறையில் இரண்டு முட்டுகள் நின்றன, அவற்றுக்கு நேர் மேலே பாரில் இரண்டு. வெளியே இரண்டு. தலைக்கு மேலே தடித்த பலகைகள். உத்தரம் முறுக்கிக்கொண்டு கிடந்ததால் ஒரு பக்கம் பலகை அதில் சரியாகப் படியவில்லை. அந்த இடைவெளிக்கு லென்னின் இரும்புத் தகடுகள் எதுவும் பொருந்தவில்லை. ஹெஸ்டர் கீல் பக்கத்து ஆப்பைச் சுத்தியலால் தட்டி எடுத்தாள். அது வீட்டைத் தாங்காமல் கதவை மட்டும் நெம்பிக்கொண்டிருந்த ஆப்பு, சில தட்டில் வந்தது. அதை அந்த இடைவெளியில் வைத்தாள். சரியாக இருந்தது.

பிறகு முட்டுகளின் திருகை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். கால் சுற்று, அடுத்த முட்டு, கால் சுற்று. எங்கோ மாடியில் ஒரு மர ஆணி கிரீச்சிட்டது. கூரைச் சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்து பார் மேடையில் விழுந்தது. ஏவ்ரில் துணியால் துடைத்தாள். திரும்பவும் விழுந்தது, திரும்பவும் துடைத்தாள். உத்தரத்தை முழுக்கப் பழைய இடத்துக்குத் தூக்க ஹெஸ்டர் முயலவில்லை. அப்படித் தூக்கினால் மாடியின் சட்டங்கள் எல்லாம் வாயைப் பிளந்துவிடும். பாரம் கதவிலிருந்து முட்டுக்கு மாறினால் போதும். அது மாறியது எப்போது தெரியும் என்று லென் கேட்டார். மிச்சமுள்ள ஆப்பு இரண்டும் விரலுக்கு வந்தால் மாறிவிட்டது என்றாள்.

இன்னொரு கால் சுற்றுக்குப் பிறகு நாற்காலியில் ஏறி, ஆப்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தாள். வந்தது.

மூவரும் சேர்ந்து கதவை உள்பக்கம் இழுத்தார்கள். அடிப்பக்கம் தரையில் உரசிக்கொண்டு திறந்தது. பல வருஷமாக அந்தப் பக்கமிருந்து வெளிச்சம் பார்த்திராத தரைப் பலகைகள் தெரிந்தன. அந்த இடத்தில் அவை வேறு நிறமாக இருந்தன. எதிரே புல்வெளி, அதற்கு அப்பால் தேவாலயத்தின் வாயில்.

"ஏவ்ரில், காத்து வருதுடி," என்றார் லென்.

ஏவ்ரில் சிரித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்த பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லென் தன் கருவிகளைச் சத்தம் போடாமல் எடுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஊர் முழுவதும் புல்வெளியில் நின்றது. பெட்டியைத் தூக்குவதற்கு ஆறு பேர். நான்கு பேர் ஷூஸில் குடிக்கிறவர்கள். முன்னால் இரண்டு பேர் ப்ரீஸ் டவுனிலிருந்து கூட்டிவந்த ஆட்கள். பெட்டியின் முன்பக்கம் ஒரே உயர ஆட்கள் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இருவரும் நல்ல உயரம். கதவு தாழ்வு, தோளில் வேண்டாம், கையிலேயே தூக்கிப்போய் வெளியில் தோளுக்கு மாற்றுங்கள் என்று ஹெஸ்டர் காலையிலேயே சொல்லியிருந்தாள். முட்டு எதிலும் கால் தட்டக் கூடாது, அதுதான் முக்கியம் என்றும் சொல்லியிருந்தாள். பெட்டியை எவ்வளவு தாழ்த்துவது, எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எல்லாம் பேசியாகிவிட்டது.

அவள் கதவை ஒட்டி, வலப்பக்கத்து முட்டில் உள்ளங்கையை வைத்து நின்றாள். அப்படி வைப்பதால் ஒன்றும் ஆகாது. இரும்பு அசைந்தால் கைக்கு முதலில் தெரியும், அவ்வளவுதான். உத்தரத்தில் தொங்கவிட்ட தூக்குக்குண்டு தரையில் அவள் போட்டிருந்த சாக்கட்டிக் குறிமேல் நின்றது.

அவர்கள் சின்ன அறையிலிருந்து வந்தார்கள். மேஜைகளை நகர்த்த முடியாததால் வளைந்து வர வேண்டியிருந்தது. பெட்டியின் முன்பக்கம் வாசலுக்கு வந்தது. தூக்கியவர்களின் கண் முழுவதும் கீழே, முட்டுகளின் அடியில் இருந்தது. டவுன் ஆட்கள் இருவரும் அவள் சொன்னதை அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். முதுகு வளையாமல் உத்தரத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தார்கள்.

"குனி!"

அது ஹெஸ்டரின் குரல். ஆனால் அடிவயிற்றிலிருந்து, பார் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது. டவுன் ஆட்கள் இருவரும் சட்டென்று குனிந்தார்கள். பின்னால் வந்த நான்கு பேரும் குனிந்தார்கள். அவர்களுக்கு அந்த உத்தரம் தலைக்கு மேலே நன்றாகவே இருந்தது, பழக்கத்தில் குனிந்தார்கள். வெளியே புல்வெளியில் நின்றவர்களில் பாதிப்பேர் தலையைத் தாழ்த்தியதைப் பாதிரியார் பார்த்தார். லென் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று கேட்டால் அவரால் சொல்ல முடிந்திருக்காது.

கிளெம் வெளியே போனார். தூக்குக்குண்டு குறியைவிட்டு நகரவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பி வந்தபோது, முட்டுகளுக்கு நடுவில் கூட்டம் போகக் கூடாது, கொல்லை வழியாகச் சுற்றிப் போங்கள் என்று ஹெஸ்டர் சொன்னாள். போனார்கள். ஏவ்ரில் போகவில்லை. முன்வாசல் கல்லில், பிளவுக்கு அந்தப் பக்கம் ஒரு கணம் நின்றாள். கைப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு உள்ளே நடந்தாள். அவள் குள்ளம், குனிய வேண்டியதில்லை. பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தவர்கள் அவள் முன்வாசல் வழியாக வருவதைப் பார்த்தார்கள். அடுத்து யார் கடையை நடத்துவது என்று யாரும் அதன்பிறகு கேட்கவில்லை.

ஏவ்ரில் கோட்டைக்கூடக் கழற்றாமல் பார் மேடைக்குப் பின்னால் போய் முதல் தம்ளரைக் குழாயடியில் பிடித்தாள். பீர் சேற்றுத் தண்ணீர் மாதிரி வந்தது. அதை லென் முன்னால் வைத்தாள். லென் தம்ளரைப் பார்த்தார். ஏவ்ரிலைப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்காமல், மேஜையிலிருந்து நேரே வாய்க்குக் கொண்டுபோய்க் குடித்தார். மற்றவர்களும் அப்படியே குடித்தார்கள். பன்றித்தொடை நன்றாக வெந்திருப்பதாகச் சொன்னார்கள்.

ஹெஸ்டர் வாசலில் நின்று, உள்ளேயும் வெளியேயும் இருந்த நான்கு முட்டுகளின் திருகுகளையும் ஒரு தடவை சரிபார்த்தாள். திங்கட்கிழமை சிமென்டைப் பெயர்க்க ஆரம்பிக்க வேண்டும். புதுத் தூணுக்கு ஓக் சொல்லிவைக்க வேண்டும். வாசற்படிக் கல்லை மாற்ற வேண்டாம், சேர்த்து ஒட்டினால் போதும். கதவின் மேல்பக்கம் இழைத்த இடத்துக்கு ஒரு பட்டை வைத்து உயரத்தைத் திரும்பக் கொடுக்கலாம். இதையெல்லாம் யாரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று ஒரு கணம் யோசித்தாள்.

ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். பாதி வழியில் நின்றாள். அதைக் கொண்டுபோய்ச் சன்னல் விளிம்பில், வீட்டை ஒட்டி வைத்தாள். பிறகு கொல்லை வழியாகச் சுற்றி உள்ளே போனாள்.